பத்து ஆண்டு கழித்து வரும் ஆகஸ்ட்

2001 ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஜப்பானில் ஒரு சிங்கிள் வெளிவந்தது. பாடியது ஸோன் என்ற பெண்கள் குழு. பாட்டின் பெயர் 'சீக்ரெட் பேஸ்'. துணைத் தலைப்பு 'கிமி கா குரெதா மோனோ', அதாவது நீ எனக்குத் தந்தது. கோடை விடுமுறை முடியும் நேரத்தில் பிரியப்போகிற இரண்டு பிள்ளைகள், பத்து ஆண்டு கழித்து இதே ஆகஸ்டில் மறுபடி சந்திப்போம் என்று நம்பிக்கொள்வதுதான் அந்தப் பாட்டின் உயிர். பத்தாவது ஆண்டும் வந்தது. 2011-இல் அதே பாட்டு, வரிகளில் கைவைக்காமல், வேறு மூன்று பேரின் குரலில் மறுபடி பதிவானது. வட்டில் அச்சான பெயர்களின்படி அந்த மூவரில் ஒருத்தி இறந்துபோன சிறுமி.

கவர் பாட்டு என்று வந்துவிட்டால் நாம் உடனே தராசைத் தூக்குவோம்: பழையது மேலா, புதியது மேலா? அதைவிடச் சுவையான கேள்வி ஒன்று உண்டு. மறுபடி பாடும்போது கைமாறுவது எது? மெட்டா, தோற்றமா, நினைவா, வெறும் உரிமைப் பத்திரமா? இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க ஜப்பானியப் பெண் குழுக்களின் உலகம் பொருத்தமான இடம். அங்கே ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடுவது எப்போதாவது நடக்கிற காரியமில்லை. தொழிலே அதன்மேல்தான் நடக்கிறது.

தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். 1959-இல் 'தி பீனட்ஸ்' என்ற பெயரில் மேடையேறிய இட்டோ எமி, இட்டோ யுமி என்ற இரட்டைச் சகோதரிகளின் முதல் இசைத்தட்டே கவர்தான். சிட்னி பெஷே என்ற ஜாஸ் கலைஞரின் 'பெத்தித் ஃப்ளர்' மெட்டுக்கு ஜப்பானிய வரிகள் எழுதிப் பாடவைத்தார்கள். போருக்குப் பின் அமெரிக்க வானொலியிலும் படைமுகாம்களிலும் கேட்ட இசையை ஜப்பானியத்தில் பாடிப் பழகிய தலைமுறையின் வேலை அது. 1961-இல் 'மோத்ரா' படத்தில் குட்டித் தேவதைகளாக வந்து ராட்சத அந்துப்பூச்சியைப் பாடி அழைக்கும் இருவரும் இவர்களே. திரைப்படம் பார்த்தவர்கள் அந்த இரட்டைக் குரலை மறந்திருக்க மாட்டார்கள்.

1963-இல் வந்த 'கோய் நோ பகான்ஸு', காதல் விடுமுறை, ஜப்பானிலேயே பிறந்த பாட்டு. மியாகாவா ஹிரோஷி இசை, இவாதானி தொகிகோ வரிகள். ஜாஸ் நடை, நெருங்கிப் பின்னும் இரண்டு குரல்கள், எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாத இழைவு. இரவல் மெட்டில் தொடங்கியவர்களின் சொந்தப் பாட்டு இப்போது வெளியே இரவல் போனது. சோவியத் ஒன்றியத்தில் நினா பந்தலேயேவா அதை ருஷ்ய வரிகளில் பாடிப் புகழ்பெற்றார். பனிப்போர் நடுவே ஒரு ஜப்பானியக் கடற்கரைக் காதல் பாட்டு மாஸ்கோவில் ஓடியது அந்தக் காலத்து வேடிக்கைகளில் ஒன்று.

அதே பாட்டு 2004 மே மாதம் ஜப்பானுக்குள்ளேயே மறுபிறவி எடுத்தது. மார்னிங் முசுமே குழுவிலிருந்த த்சுஜி நொசோமி, காகோ அய் இருவரையும் சேர்த்து 'டபிள்யூ' என்ற ஜோடியை உருவாக்கினார்கள். அவர்களது முதல் சிங்கிள் இதுதான். முதல் ஆல்பமும் முழுக்க முழுக்கப் பழைய ஜோடிப் பாடகிகளின் பாட்டுகள். இருவரும் இரட்டையர் இல்லை, உறவுகூட இல்லை. ஆனால் ஒரே உயரம், ஒரே குறும்பு, ஒரே உடை. பீனட்ஸிடமிருந்து இவர்களுக்கு வந்து சேர்ந்தது 'இரட்டை' என்ற அந்த வடிவம். பாட்டு அதற்கு ஒரு சாக்கு. எனக்கு அந்தப் பதிவு பிடிக்கும். ஆனாலும் கேட்டு முடித்தபின் பீனட்ஸ் நினைவு வருகிறதே ஒழிய, பாட்டைப் பற்றிப் புதிதாக எதுவும் தோன்றுவதில்லை. பதினாறு வயதுப் பிள்ளைகள் பாட்டியின் புடவையைச் சுற்றிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பதுபோல அழகாகத்தான் இருக்கிறது; புடவை பாட்டியுடையதாகவே இருக்கிறது.

இதற்கு நேர்மாறு 'விங்க்'. 1988 இறுதியில் இந்த ஜோடி பாடிய 'அய் கா தொமாரானாய்', கைலி மினோக்கின் ஆங்கிலப் பாட்டு ஒன்றுக்கு ஒய்காவா நெகோ எழுதிய ஜப்பானிய வரிகள். மூலத்தில் துள்ளுகிற பெண்; ஜப்பானியப் பதிவில் சிரிக்கவே மறுக்கும் இரண்டு பொம்மை முகங்கள். அந்த வெறுமை முகமே அவர்கள் அடையாளம் ஆயிற்று. ஜப்பானியர்களுக்கு அது விங்கின் பாட்டு, அவ்வளவுதான். மூலம் மறைந்துபோவதே அங்கே கவரின் வெற்றி.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதைக் கவர் என்று யாரும் சொல்வதில்லை. மார்னிங் முசுமே போன்ற குழுக்களில் உறுப்பினர் 'பட்டம் பெற்று' வெளியேறுவார், புதியவர் நுழைவார், பாட்டு இருக்கும். 1999-இல் 'லவ் மெஷின்' பாடியவர்களில் ஒருவரும் மிச்சமில்லாத அணி அதையே இன்னும் தன் பாட்டாகப் பாடுகிறது. ஏகேபி48 என்ற குழு இதை நாடு தாண்டியும் கொண்டுபோனது. ஜகார்த்தாவின் ஜேகேடி48 'ஹெவி ரொட்டேஷன்' பாட்டை இந்தோனேசிய மொழியில் பாடியது; பாங்காக்கின் பிஎன்கே48 2017-இல் 'கொய்சுரு ஃபார்ச்சூன் குக்கி' பாட்டைத் தாய்லாந்து மொழியில் பாடி நாட்டையே ஆடவைத்தது. வரி மட்டும் உள்ளூர், கையசைவு வரை மற்றதெல்லாம் தோக்கியோ. இது கிளைக் கடைத் தொழில். இழிவாகச் சொல்லவில்லை; கிளைக் கடையிலும் நல்ல சாப்பாடு கிடைக்கும். ஆனால் கவர் பற்றிய நம் கேள்விக்கு இங்கே அதிகம் கிடைக்காது.

'சீக்ரெட் பேஸ்' இந்த மூன்றிலும் சேராது. அதைப் பார்க்குமுன் ஜப்பானியச் சட்டத்தின் ஒரு நுணுக்கத்தையும் தொட்டுவிட வேண்டும். அங்கே பாட்டை மறுபடி பதிவுசெய்யப் பணம் கட்டி உரிமம் வாங்கலாம். எழுதியவர் சம்மதமின்றி வரியை மாற்ற முடியாது. படைப்பின் முழுமையைக் காக்கும் உரிமை எழுதியவருக்கே உரியது. 2007-இல் மொரி ஷின்இச்சி என்ற மூத்த பாடகர், தான் பல்லாண்டாகப் பாடிவந்த 'ஒஃபுகுரோ-சான்' என்ற அம்மா பாட்டின் முன்னால் சில பேச்சு வரிகளைச் சேர்த்துப் பாடியதற்காக, எழுதியவரான கவாஉச்சி கோஹான் இனி என் பாட்டைப் பாடாதே என்று தடுத்துவிட்டார். நாடே பேசிய சண்டை அது. கவாஉச்சி இறந்தபின் 2008-இல்தான் சமாதானமானது. ஆகவே ஜப்பானிய மொழிப் பாட்டை ஜப்பானிய மொழியிலேயே மறுபடி பாடுகிறவருக்கு வரிகளில் சுதந்திரம் கிடையாது. பொருளை மாற்ற வேண்டுமானால் அவரிடம் உள்ள கருவிகள் குரலும் வாத்தியமும் பாடும் நேரமும், 'பாடுவது யார்' என்பதும்தான்.

ஸோன் ஹொக்கைடோத் தீவின் சப்போரோ நகரக் குழு. நடனமாடிப் பாடும் சிறுமிகள் குழுவாகத் தொடங்கி, பிறகு கையில் கிட்டாரும் முன்னால் டிரம்ஸும் வைக்கப்பட்ட இசைக்குழுவாக மாறியது. பேண்ட், ஐடல் (இளம் பாடல் நட்சத்திரம்) என்ற இரண்டு சொல்லையும் ஒட்டி 'பேண்டல்' என்று பத்திரிகைகள் அழைத்தன. 2001-இல் நால்வருமே பள்ளிப் பிள்ளைகள். முன்னணிக் குரலான மியுவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. 'சீக்ரெட் பேஸ்' அவர்களது மூன்றாவது சிங்கிள். வரிகளும் இசையும் மச்சிதா நொரிஹிகோ.

பாட்டின் கதை மிக எளிது. பள்ளிவிட்டு வரும் வழியில் இரண்டு பேர் பழகிக்கொள்கிறார்கள். கூச்சம், பையால் முகத்தை மறைப்பது, வாணவேடிக்கை, இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு மறைவிடம். பிறகு ஒருவர் திடீரென்று வேறு பள்ளிக்கு மாறிப் போகவேண்டி வருகிறது. கடிதம் எழுதுவேன், தொலைபேசியில் கூப்பிடுவேன், என்னை மறந்துவிடாதே என்கிறது பாட்டு. எல்லார் கையிலும் செல்போன் வந்து யாரும் யாரையும் தொலைக்கவே முடியாத காலம் தொடங்குவதற்குச் சற்று முந்தைய பிரிவு அது. கடைசியில் அந்தப் பத்தாண்டு வாக்கு.

ஆகஸ்ட் ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. ஜப்பானியப் பிள்ளைக்கு அது பிரிவின் மாதம். ஏப்ரலில் பள்ளி திறந்து, ஜூலை பின்பாதியில் கோடை விடுமுறை விட்டு, ஆகஸ்ட் முடிவில் அதுவும் தீர்ந்துவிடும். முடிக்காத வீட்டுப்பாடம், ஓயத் தொடங்கும் சிள்வண்டு, கடைசி வாணவேடிக்கை. ஸோன் பிறந்த ஹொக்கைடோவிலோ குளிர்கால விடுமுறை நீளம் என்பதால் கோடை விடுமுறை இன்னும் குட்டை. செப்டம்பர் வரும்வரை காத்திருக்கப் பெரும்பாலான பள்ளிகளுக்குப் பொறுமை கிடையாது. ஆகஸ்ட் நடுவில் வேறொன்றும் உண்டு: ஓபோன். இறந்தவர்கள் சில நாள் வீடு திரும்பி, வழியனுப்பப்பட்டுப் போகும் நாட்கள். ஸோன் பாட்டில் ஓபோன் இல்லை. பத்தாண்டு கழித்து வந்த பதிவில் அது தானாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

பாட்டு பரவிய விதத்தையும் சொல்ல வேண்டும். அது 'கிட்ஸ் வார் 3' என்ற தொலைக்காட்சித் தொடரின் பாட்டு. நகோயாவின் சிபிசி நிலையம் தயாரித்து, டிபிஎஸ் வலைப்பின்னல் வார நாட்களில் மதியம் ஒரு மணிக்கு ஒளிபரப்பிய குடும்பக் கதை. அடங்காத பெண்பிள்ளையாக இனோவே மாவோ நடித்தார். மதியம் ஒரு மணி இல்லத்தரசிகளுக்கான நேரம்தான். ஆனால் விடுமுறையில் பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். பன்னிரண்டு வயதுக்காரி பாடிய பாட்டை, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், விடுமுறை தீர்ந்துகொண்டிருக்கும் வாரங்களில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் கேட்டார்கள். வேறு விளம்பரம் எதற்கு? ஏழு இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

பதிவை இன்று கேட்டால் முதலில் தட்டுப்படுவது அதன் முரட்டுத்தனம். மியுவின் குரல் நயமில்லாத நேர்க்குரல். உச்சத்தில் திணறும், மூச்சு வாங்குவது கேட்கும். சோகப் பாட்டைச் சோகமாகப் பாடத் தெரியாத வயது. அழாமல் சிரித்துக்கொண்டே வழியனுப்ப வேண்டும் என்று பாட்டே சொல்வதால், அந்தத் தெரியாமை பாட்டுக்கு உதவுகிறது. இன்னொன்று, பத்து ஆண்டு என்றால் என்ன என்று பாடுகிறவளுக்குத் தெரியாது. அவள் வாழ்ந்ததே பன்னிரண்டு ஆண்டு. அதில் நினைவிருப்பது ஏழோ எட்டோ. தன் நினைவைவிட நீளமான ஒரு காலத்தைச் சாட்சி வைத்து வாக்குக் கொடுக்கிறாள். பெரியவர் ஒருவர் எழுதிக்கொடுத்த வரிதான். ஆனால் பெரியவர் வாயில் அது பொய்யாகியிருக்கும்.

குழு நிலைக்கவில்லை. 2003-இல் மூத்தவரான தகாயோ விலகினார், தொமோகா சேர்ந்தார். 2005-இல் தோக்கியோவின் நிப்பொன் புடோகான் அரங்கில் கடைசிக் கச்சேரி நடத்திவிட்டு ஸோன் கலைந்தது. வாக்குக் கொடுத்தவர்களே பாதி வழியில் பிரிந்துவிட்டார்கள். பாட்டு மட்டும் கராஓகே அறைகளிலும் பள்ளி விழாக்களிலும் இருந்துகொண்டிருந்தது. ஸ்கேண்டல் என்ற பெண்கள் இசைக்குழுவும் அதைப் பாடிப் பதிவுசெய்தது. திறமையான பதிவு. கிட்டார் இவர்கள் கையில் இன்னும் உறுதியாகவே நிற்கிறது. ஆனால் தேதி வரவில்லையே. குறித்த நாளுக்கு முன்பே போய்க் கதவைத் தட்டிய விருந்தாளிகளாகிவிட்டார்கள் அவர்கள்.

2011 ஏப்ரல் 14 அன்று ஃபுஜி தொலைக்காட்சியின் 'நொய்தமினா' நேரத்தில் ஓர் அனிமே தொடர் தொடங்கியது. நீளமான தலைப்பு: அன்று பார்த்த மலரின் பெயர் நமக்கு இன்னும் தெரியாது. சுருக்கமாக 'அனோஹானா'. பதினோரு பகுதிகள். இயக்கம் நகாய் தத்சுயுகி, எழுத்து ஒகாதா மாரி, பாத்திர வரைவு தனாகா மசயோஷி. 'நொய்தமினா' சிறுவர் நேரமில்லை. வியாழன் பின்னிரவில், இளம் வயதுப் பெரியவர்களை மனத்தில் வைத்து 2005-இல் உருவாக்கப்பட்டது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். 2001-இல் மதியம் ஒரு மணிக்குத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இப்போது இருபத்திரண்டு. பகல் நேரத்திலிருந்து நள்ளிரவுக்கு இடம் மாறியிருக்கிறாள், அவ்வளவுதான். பாட்டு அவளைத் தேடிக்கொண்டு வந்தது.

கதை சிச்சிபு என்ற ஊரில் நடக்கிறது. சைதாமா மாகாணத்தின் மலைக் கிண்ணத்துக்குள் இருக்கும் சிற்றூர். தோக்கியோவின் இகெபுகுரோவிலிருந்து விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஊருக்குமேல் புகோ மலை. சிமெண்ட்டுக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டி வெட்டி ஒரு பக்கம் படிக்கட்டுபோல் ஆகிவிட்டது. ஒகாதா மாரி பிறந்த ஊர் அதுதான். பள்ளிக்குப் போகாமல் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கிடந்த தன் சிறுவயதைத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். தொடரின் நாயகன் ஜிந்தாவும் பள்ளிக்குப் போகாதவன்.

சின்ன வயதில் ஆறு பேர் கொண்ட கூட்டாளிகள். காட்டுக்குள் ஒரு பாழடைந்த குடிலை மறைவிடமாக வைத்துக்கொண்டு 'சூப்பர் பீஸ் பஸ்டர்ஸ்' என்று தங்களுக்குப் பேர் சூட்டிக்கொண்டவர்கள். அவர்களில் மென்மா என்ற சிறுமி விபத்தில் இறந்துபோகிறாள். மற்ற ஐவரும் உயர்நிலைப் பள்ளி வயதில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசி, பிரிந்து கிடக்கிறார்கள். ஒரு கோடையில் மென்மா வளர்ந்த உருவத்தில் ஜிந்தாவின் கண்ணுக்கு மட்டும் தெரியத் தொடங்குகிறாள். தன் ஆசை ஒன்றை நிறைவேற்றினால்தான் போகமுடியும் என்கிறாள். அந்த ஆசை என்னவென்று அவளுக்கே நினைவில்லை. மேலுலகத்துக்குக் கடிதம் அனுப்பும் வாண ராக்கெட் ஒன்றைச் செய்து விடுவதுதான் அது என்று கூட்டாளிகள் முடிவுகட்டுகிறார்கள். இது கற்பனைச் சரக்கில்லை. சிச்சிபுவின் யொஷிதா பகுதியில் முகு கோயில் விழாவில் ஊர்க்காரர்கள் கையால் செய்த 'ரியூசெய்' ராக்கெட்டுகளை அக்டோபரில் விண்ணில் விடுவது நெடுநாள் வழக்கம்.

மறைவிடம், வாணவேடிக்கை, கோடை முடிவு, பிரிவு என்று ஸோன் பாட்டின் சாமான்கள் எல்லாமே இந்தக் கதையில் இருக்கின்றன. தொடரின் முடிவுப் பாட்டாக அதை வைத்ததில் ஆச்சரியமில்லை. பழைய பதிவை அப்படியே போட்டிருக்கலாம், போடவில்லை. 'டென் இயர்ஸ் ஆஃப்டர் வெர்ஷன்' என்று பெயரிட்டு, தொடரின் மூன்று பெண் பாத்திரங்களையே பாடவைத்தார்கள். வட்டில் பாடகர் பெயராக ஹொன்மா மெய்கோ, அன்ஜோ நருகோ, த்சுருமி சிரிகோ என்ற பாத்திரப் பெயர்களே உள்ளன. கயானோ அய், தொமாத்சு ஹருகா, ஹயாமி சவோரி என்ற குரல் நடிகைகள் அடைப்புக்குறிக்குள். பாத்திரம் பாடுவதாக வட்டு போடுவது அனிமே உலகத்தில் அன்றாட வியாபாரம். பெரும்பாலும் ரசிகர் பணத்தைக் கறக்கும் அற்ப உத்தி. இங்கே அந்த உத்திக்கு வேறு கனம் வந்துவிட்டது. ஹொன்மா மெய்கோ என்பது மென்மாவின் முழுப்பெயர்.

இப்போது அந்த வாக்கைக் கேட்டுப் பார்க்கலாம். 2001-இல் பாடியவளுக்குப் பத்தாண்டு முன்னால் கிடந்தது. 2011-இல் பாடும் நருகோவுக்கும் சிரிகோவுக்கும் அந்தக் காலம் பின்னால் போய்விட்டது. அவர்கள் வாக்கை நம்புகிற இடத்தில் இல்லை, நிறைவேறவில்லை என்று தெரிந்துகொண்டு பாடுகிற இடத்தில் நிற்கிறார்கள். மென்மாவுக்கோ முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பத்தாண்டு கழித்து என்பதே அவளுக்குப் பொருந்தாது. மறந்துவிடாதே என்று பள்ளி மாறிப்போகும் பிள்ளை கேட்டதற்கும் இறந்த பிள்ளை கேட்பதற்கும் நடுவில் எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. நான் சொன்ன ஓபோன் இங்கேதான் நுழைகிறது. கோடையில் வந்து, கோடையில் வழியனுப்பப்படுகிறவர்கள் யார் என்று ஜப்பானியப் பார்வையாளருக்கு விளக்கவேண்டியதில்லை. வேறு பள்ளி என்பது வேறு உலகம் ஆகிவிட்டது. வரியில் கைவைக்க முடியாத நாட்டில், பாடுகிறவரின் பெயரை மாற்றியே ஒரு பாட்டை வேறு பாட்டாக்கிவிட்டார்கள்.

டபிள்யூ ஜோடியிடம் இல்லாதது இதுதான். அவர்களுக்கும் பீனட்ஸுக்கும் நடுவில் நாற்பத்தொரு ஆண்டு ஓடியிருந்தது. பாட்டுக்குள் அந்த நாற்பத்தொரு ஆண்டுக்கு வேலை இல்லை. 'சீக்ரெட் பேஸ்' பாட்டில் கழிந்த காலமே ஒரு வாத்தியமாகச் சேர்ந்துகொள்கிறது. இதை இசையமைப்பாளரின் மேதைமை என்று சொல்லத் தயங்குகிறேன். பத்தாண்டு என்று எழுதியபோது மச்சிதாவுக்குத் தேவைப்பட்டது ஒரு பிள்ளைக்கு எட்டாத ஏதோ ஓர் எண், அவ்வளவே.

அலங்காரத்தில் 2011 பதிவு சாந்தமானது. டிரம்ஸும் மின்கிட்டாரும் பின்னுக்குப் போக, மூன்று குரல்கள் வரிகளைப் பகிர்ந்துகொண்டு மெல்லப் பாடுகின்றன. மூவரும் தேர்ந்த நடிகைகள். மூச்சு எங்கே வாங்கவேண்டும், எங்கே வாங்கியது கேட்கவேண்டும் என்று தெரிந்தவர்கள். தொடரில் இதைக் கையாண்ட விதம் கெட்டிக்காரத்தனமானது. காட்சி முடியுமுன்பே, யாரோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்ட கணத்தில், பாட்டின் முன்னிசை அடியில் நுழைந்துவிடும். பார்ப்பவர் கண் கலங்குவது கதையாலா பாட்டாலா என்று பிரிக்க நேரம் தரமாட்டார்கள். வாரம் தவறாமல் இப்படிச் செய்தால் நாலாவது வாரம் முன்னிசை கேட்டதுமே தொண்டை அடைக்கும். அழவைக்கும் இயந்திரம் என்று இதைக் குறைசொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

தராசைத் தூக்கமாட்டேன் என்று சொல்லவில்லையே. தனியாக, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஸோன் பதிவே மேல். அதற்கு எந்தக் கதையின் துணையும் வேண்டாம். 2011 பதிவு அனோஹானா பார்க்காதவருக்கு அழகான, கொஞ்சம் இனிப்புத் தூக்கலான பாட்டு. மூன்று குரல்களின் நயம் அந்த வாக்கின் மடத்தனத்தைச் சீவிவிடுகிறது. தொடரைப் பார்த்தவருக்கோ பழைய பதிவுக்குத் திரும்புவது கடினம். அங்கே மென்மா இல்லை.

வணிகக் கண்ணோடும் பார்க்கவேண்டும். ஸோன் பாடியது சோனி மியூசிக் நிறுவனத்துக்கு; அனோஹானாவைத் தயாரித்தவர்களில் ஒன்றான அனிப்ளெக்ஸ் அதே சோனி மியூசிக் குடும்பம். பழைய கிடங்கிலிருந்து ஒரு வெற்றிப் பாட்டை எடுத்துத் தூசுதட்டிப் புதுச் சரக்கோடு சேர்த்து விற்பது எந்த நிறுவனமும் செய்யும் காரியம். 'டென் இயர்ஸ் ஆஃப்டர்' என்பதை உணர்ச்சி என்றும் படிக்கலாம், பத்தாண்டு நிறைவு மறுவிற்பனை என்றும் படிக்கலாம். இரண்டும் உண்மை. ஜப்பானியப் பெண் குழுக்களின் வரலாற்றில் இவற்றைப் பிரிக்க முயன்றவர் கைவலித்து உட்கார்ந்ததுதான் மிச்சம்; பீனட்ஸின் முதல் தட்டும் ஏதோ ஒரு கணக்குப் புத்தகத்தில் தொடங்கியதே.

அதே 2011 ஆகஸ்டில் ஸோனும் திரும்பி வந்தது. வாக்குக் கொடுத்த தேதியில் மறுபடி மேடையேறினார்கள். பழைய வரிசை முழுதாகத் திரளவில்லை. வந்தவர்களும் நெடுநாள் நிலைக்கவில்லை. 2013-இல் குழு இரண்டாம் முறை கலைந்தது. வெளியிலிருந்து பார்த்தால் உண்மையான பத்தாண்டு நிறைவு இதுதான். அந்தப் பாட்டுக்கு உரியவர்கள், சொன்ன மாதத்தில், சொன்னபடி வந்து நின்றார்கள். ஆனால் அந்த ஆண்டு இளைஞர் காதில் ஒலித்தது இல்லாத மூன்று பெண்களின் குரல். ஸோனின் மேல் இரக்கம் வருகிறது. சொந்த வாக்கைக் காப்பாற்ற வந்தவர்கள், தங்கள் பாட்டின் கவரோடு போட்டியிடவேண்டியதாயிற்று. அவர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்பதே அவர்களுக்கு எதிராக நின்றது. மென்மா வளரமாட்டாள்.

அதன்பின் பாட்டின் உரிமையாளர் சிச்சிபு ஊர் என்று சொல்லுமளவுக்குக் கதை திரும்பியது. பழைய சிச்சிபு பாலமும், அப்பகுதியின் முப்பத்துநான்கு கன்னோன் பௌத்தத் தலங்களில் பதினேழாவதான ஜோரின்-ஜி கோயிலும் தொடரில் வரும் இடங்கள். ரசிகர்கள் யாத்திரைபோல வரத் தொடங்கினார்கள். 2013 ஆகஸ்ட் 31 அன்று திரைப்படம் வந்தது; அந்தத் தேதியும் தற்செயலில்லை, விடுமுறையின் கடைசி நாள். 2021 ஆகஸ்டில் அனோஹானாவின் பத்தாண்டு நிறைவை அதே ஊரில் கொண்டாடினார்கள். இப்போது பத்தாண்டு என்றால் 2001-லிருந்து எண்ணுவதில்லை, 2011-லிருந்து. கவர் தனக்கென்று ஒரு நாட்காட்டியைத் தொடங்கிவிட்டது. ஜப்பானுக்கு வெளியே அனிமே வழியாக இந்தப் பாட்டை அறிந்த இளைஞர் பலருக்கு மூன்று பெண்கள் பாடியதே மூலம். ஸோன் பதிவைக் கேட்டுவிட்டு யார் இதை இவ்வளவு வேகமாகப் பாடியிருக்கிறார்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு.

இனி மூன்றாவதாக ஒருவர் இதைப் பாடினால் என்ன ஆகும் என்பது திறந்த கேள்வி. காலம் கடந்த இடத்திலிருந்து பாடுவது ஒருமுறைதான் செல்லும். இருபதாண்டு கழித்து என்று பெயர்போட்டு யாராவது கிளம்பினால் அது வெறும் ஆண்டுவிழா. எனக்கு நம்பிக்கை வேறு பக்கம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்திக்கு இந்தப் பாட்டு புதிது. அவளுக்குப் பத்தாண்டு இன்னும் முன்னால்தான் கிடக்கிறது. மென்மாவைத் தெரியாமல், உச்சத்தில் திணறிக்கொண்டு, அவள் பாடினால் அது கவர் கணக்கில் வராது.